பழைய சர்வரில் இருந்தவள்

தனக்கு மெயில் வரவில்லை என்பதே கனகராஜுக்கு இரண்டு வருடமாகத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் உண்டு. அந்த நாளில் யாரும் யாருக்கும் மெயில் போடுவதில்லை. வங்கி, மின்சாரம், ஆஸ்பத்திரி எல்லாமே கைப்பட்டையில் வந்து காதோடு பேசிவிட்டுப் போய்விடும். மெயில் எழுதுகிற பழக்கம் வயதானவர்களிடம்தான் மிச்சமிருந்தது. அவர்களிலும் கனகராஜ் எழுதியது ஒரே ஒருத்திக்கு. காலையில் காபி குடித்தபடியே எழுதி அனுப்புவார். குளித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருக்கும். பதில் எழுதுகிறவள் அவருடைய மனைவி சுகந்தி. அவள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

மறுமொழிப் பெட்டி என்று அதற்குப் பெயர். சுருக்கமாகப் பெட்டி. நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே சுகந்தி அதை அவளே உட்கார்ந்து அமைத்தாள்.

"நான் இத்தன வருசமா எழுதுன மெயில் பூராவும் இதுக்குள்ள போட்டுட்டனுங்க. இது படிச்சுக்கும். நீங்க எழுதுனா நான் என்ன சொல்லுவனோ அதச் சொல்லும்" என்றாள்.

"அப்ப அது நீயா?"

"நான் இல்லீங்க. நீங்க ஊமையா உக்காந்துடக் கூடாதுன்னு நான் செஞ்சு வெச்ச வழி."

அவளுக்கு அதெல்லாம் கைவந்த வேலை. இணையம் ஊருக்குள் புதிதாக வந்த காலத்தில், காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்த சின்ன அறையில், கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்து, அதை சர்வரில் ஏற்றிப் பார்த்துக்கொள்ளும் தொழில் நடத்தினாள். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த கனகராஜ் அங்கே முதன்முதலில் போனது சண்டை போட. கம்பெனியின் வெப்சைட்டை சென்னையிலிருந்து அவளுடைய சர்வருக்கு மாற்றிய நாளிலிருந்து ஆர்டர் மெயில் ஒன்றுகூட வரவில்லை.

அவர் கத்தி முடிக்கும் வரை அவள் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "மாத்திட்டேனுங்க. உலகம் பூரா இது தெரியறதுக்கு ஒரு நாள் ஆகும். நாளைக்கு வந்து பாருங்க" என்றாள். கீழேயிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்துக் கொடுத்தாள். மறுநாள் மெயில் வந்துவிட்டது. ஆனாலும் அவர் போனார். அதற்கடுத்த வாரம், எல்லாம் சரியாக இருந்தபோதும், மெயில் வரவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு போனார். அவள் சோதித்துப் பார்த்துவிட்டு, "சார், மெயில்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்க" என்று சிரித்தாள். அந்த வருடம் தை மாதம் கல்யாணம். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து அவள் இணையத்தில் சொந்த முகவரியாக ஒரு டொமைன் வாங்கி, கல்யாணப் பத்திரிகையை அதில் போட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த முகவரியில்தான் இருவரும் கடைசி வரை மெயில் வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் இல்லை. நெருங்கிய சொந்தம் என்று இருந்தது சுகந்தியின் அக்கா தமயந்தி மட்டும். அவர் மகனோடு நாசிக்கில் இருந்தார். அந்த உறவும் அறுந்துபோயிருந்தது. தமயந்தியின் பேரனுக்குக் கல்யாணம் நடந்தது கனகராஜுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்தது. பத்திரிகை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. தங்கை போனதும் தங்கை புருஷனும் போய்விட்டான் போல என்று நினைத்துக்கொண்டார். போனை எடுத்துக் கேட்டிருக்கலாம். அழைக்காதவர்களிடம் ஏன் அழைக்கவில்லை என்று எப்படிக் கேட்பது? சுகந்திக்குத்தான் எழுதினார்.

"அக்கா எனக்கும் எழுதறதில்லீங்க. பேரன் பேத்தின்னு ஆனா அப்படித்தான். மனசுல வெச்சுக்காதீங்க" என்று பதில் வந்தது. அவர் மனதில் வைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் பீளமேட்டிலிருந்து அஃப்ரின் கூப்பிட்டாள். கனகராஜின் டொமைன் இருந்த ஹோஸ்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவள். சுகந்தி தொழிலை விட்டபோது தன் வாடிக்கையாளர்களை அந்தக் கம்பெனியிடம்தான் ஒப்படைத்தாள்.

"சார், எங்க பழைய சர்வரை இந்த வாரக் கடைசியில நிறுத்தப் போறோம். எல்லாரோட சைட்டையும் ரெண்டு வருசம் முன்னாடியே புதுசுக்கு மாத்தியாச்சு. ஆனா உங்க டொமைனுக்கு வர்ற மெயில் மட்டும் இன்னும் பழசுக்கே போயிட்டிருக்கு. நேர்ல வர முடியுங்களா?"

"எனக்கு மெயில் வந்துட்டுத்தானே இருக்கு அம்மணி? இன்னைக்குக் காலைலகூட வந்துச்சே."

"நீங்க நேர்ல வாங்க சார்" என்றாள்.

அவள் முப்பதுகளில் இருந்தாள். மேஜையில் பிள்ளையின் படம். கனகராஜை உட்காரவைத்து, பழைய சர்வரில் இருந்த அவருடைய மெயில் பெட்டியைத் திரையில் திறந்தாள். படிக்காத மெயில்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. பெரும்பாலும் விளம்பரக் குப்பை. நடுவில் தமயந்தியின் பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை. கீழே, 'தம்பி, அவ இருந்து செய்ய வேண்டியத நீங்க வந்து செய்யோணும். டிக்கெட்டு போட்டுடட்டுங்களா?' என்று இருந்தது. அதற்கு மேலே, 'பத்திரிகை கெடச்சுதுங்களா?' அதற்கும் மேலே ஒரு மெயிலில் ஒரே வரி: 'சரிங்க தம்பி, உங்க இஷ்டம்.'

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. சுகந்தி.

"இது என்ன? இது எப்படி இங்க இருக்கு?"

அஃப்ரினும் குனிந்து பார்த்தாள். "பத்து நாள் எழுதாம இருந்தா பெட்டி தானா ஒரு மெயில் போடும் சார். அப்படித்தான் அமைச்சிருப்பாங்க."

"நான் ஒரு நாள்கூட எழுதாம இருந்ததில்லையே."

அவர் அதைத் திறந்தார். 'ஏனுங்க, சத்தத்தையே காணோம்? நெட்டு கட்டா, இல்ல கோவமா? கோவம்னா எதுக்குன்னு சொல்லிப்போட்டுக் கோவிச்சுக்கோங்க.' அடுத்தது: 'டெஸ்ட் மெயில். வந்தா வந்துச்சுன்னு ஒரு வார்த்த போடுங்க.' அதற்கடுத்தது, பல மாதம் கழித்து: 'எழுத மனசு வரலேன்னா வுடுங்க. மாத்திரையாவது நேரத்துக்குப் போடுங்க.' அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"யாரோ அவ பேர்ல விளையாடறாங்க" என்றார் கனகராஜ்.

"இல்ல சார்." அஃப்ரின் திரையை விட்டுத் திரும்பி அவருக்கு நேராக உட்கார்ந்தாள். "சர்வர் மாத்தும்போது ஒரு காப்பி எடுத்துப் புதுசுல வெப்போம். அப்புறம், இந்த டொமைனுக்கு மெயில் போடறவங்க எந்த சர்வருக்கு வரணும்னு வெளிய ஒரு எடத்துல எழுதி இருக்கும், எம்எக்ஸ்னு சொல்வோம், அத மாத்தோணும். அன்னைக்கு இருந்தவங்க உங்களோடத மாத்தாம விட்டிருக்காங்க. அதனால வெளிய இருந்து வர்ற மெயில் பூராவும் பழைய வீட்டுக்கே போயிருக்கு."

"நான் எழுதறது?"

"நீங்க புது சர்வர்ல இருந்து எழுதறீங்க. அது, இந்த டொமைன் என்கிட்டத்தானே இருக்குன்னு வெளிய விசாரிக்காமலே உள்ளுக்குள்ளயே குடுத்துடும். ஒரே வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்குப் பேசற மாதிரி. அம்மாவோட பெட்டியும் டொமைனோட சேர்ந்து காப்பி ஆகியிருக்கு. புதுசுல ஒண்ணு, பழசுல ஒண்ணு. ரெண்டும் ஓடிட்டு இருந்திருக்கு. நீங்க எழுதினது பூராவும் புதுசுல இருக்கறவங்களுக்கு. பழசுல இருந்தவங்களுக்கு..."

"அன்னைக்கோட நான் நின்னுட்டேன்" என்றார் கனகராஜ்.

"ஆமா சார். வெளிய இருந்து ஒருத்தங்க மட்டும் அவங்களுக்கு விடாம எழுதியிருக்காங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு நான் பார்க்கக் கூடாது. பேரு மட்டும் தெரியுது. தமயந்தி."

அவர் அங்கிருந்தே நாசிக்குக்குக் கூப்பிட்டார். தமயந்தி எடுத்ததும், "சொல்லுங்க" என்றார், வெளியாளிடம் பேசுவதுபோல.

"அக்கா, பத்திரிகை இப்பத்தான் கெடச்சுது."

"அவனுக்குக் கொழந்தையே பொறந்தாச்சு தம்பி."

கனகராஜ் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். அவர் முடித்த பிறகு தமயந்தி மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க அவளுக்கு எழுதிட்டுத்தான் இருந்தீங்களா?"

"தினமும் எழுதினேன் அக்கா."

"அவ சொன்னாளே. 'அவரு எனக்கு எழுதறதையே விட்டுட்டாருக்கா'ன்னு. நான் உங்கள என்னென்னமோ நெனைச்சுப்போட்டேன் தம்பி. பத்திரிகைக்கு வராதது போகட்டும். அவளையே மறந்த மனுசன்கிட்ட எனக்கென்ன பேச்சுன்னு இருந்துட்டேன்."

"அவ எங்கிட்டயும் சொன்னா, அக்கா எனக்கு எழுதறதில்லன்னு."

இரண்டு பெட்டியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு வந்ததை வந்தது என்றும், வராததை வரவில்லை என்றும்தான் சொல்லியிருந்தது. கேட்டவர்கள் இருவரும் அதை நம்பிக்கொண்டு, மற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இருந்துவிட்டார்கள்.

போனை வைத்தபிறகுதான் அஃப்ரின் மிச்சத்தைச் சொன்னாள். பழைய சர்வர் நின்றால் அங்கிருக்கும் பெட்டியும் நின்றுவிடும். புதுசுக்குக் கொண்டுவரலாம். ஆனால் இறந்துபோன ஒருவருக்கு ஒரு பெட்டிதான் இருக்கலாம் என்று சட்டம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாதா என்று கேட்டார் கனகராஜ்.

"சேர்த்துப் பார்த்திருக்காங்க சார். நீங்க எழுதினீங்கன்னு ஒரு ஞாபகம், எழுதலன்னு ஒரு ஞாபகம். ரெண்டும் ஒரே மனசுல நிக்காது. பேச்சே கோணலாப் போயிடும். அத யாரும் கேட்டுட்டு இருக்க முடியாது."

எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வது என்று பேசத் தமயந்தி கோவைக்கு வந்தார். தங்கை செத்த பிறகு இந்த வீட்டுக்கு இப்போதுதான் வருகிறார். வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்து, "மல்லித்தூளு வண்டு வெச்சுக் கெடக்குது" என்றார். சாப்பிட்டு முடிக்கும் வரை இருவரும் பேச வேண்டியதைப் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து தமயந்திதான் ஆரம்பித்தார்.

"எனக்கு அவதான் தம்பி கதி. மருமக நல்லவதான். ஆனா எங்கம்மா எப்படித் திட்டுவாங்கன்னு சொன்னா சிரிக்கறதுக்கு அந்த வீட்டுல யாரு இருக்கறாங்க? அவள நிறுத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் யாரு இருக்கறாங்க அக்கா?" கனகராஜுக்குக் கோபம் வந்தது. "டொமைன் என் பேர்ல இருக்குது. காலைல எழுந்தா அவகிட்டப் பேசித்தான் எனக்குப் பொழுதே விடியுது."

"சரி, நீங்களே படிச்சுப் பாருங்க. படிச்சுப்போட்டுச் சொல்லுங்க." தமயந்தி தன் கையகலத் திரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கனகராஜ் மத்தியானம் முழுக்கப் படித்தார். அதில் இருந்த சுகந்தி அக்காவைக் கிண்டல் செய்தாள். மருமகளிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னாள். பேரன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு நிறம் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஒரு இடத்தில், 'என்ற வீட்டுக்காரர் இருக்கறாரே, தப்பு அவரு மேல இருந்தாலும் நாமதான் போய்ப் பேசோணும். மெயில் வரலேன்னு பொய் சொல்லிட்டு வந்து நின்னப்பவே எனக்குத் தெரியும், இந்தாளுக்கு நேராக் கேக்கத் தெரியாதுன்னு' என்று எழுதியிருந்தாள். கனகராஜ் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

பிறகு தனக்கு வந்த பதில்களைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவற்றில் அன்பு இருந்தது, பேக்கரி மாடி இருந்தது, தேங்காய் பன்னும் இருந்தது. திட்டு மட்டும் இல்லை. எப்போது போனது என்று தேடிப் பார்த்தார். சர்வர் மாறிய பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. அவள் திட்டிய நாட்களில் அவர் மறுநாள் காலை வரை பதில் எழுதாமல் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எதைச் சொன்னால் இந்த மனுஷன் எழுதுகிறார், எதைச் சொன்னால் எழுதுவதில்லை என்று பெட்டி கவனித்துக்கொண்டே வந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிற ஒருத்தியாக அவளை அவரே ஆக்கி வைத்திருந்தார். நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் அப்படிப்பட்டவள் இல்லை.

தமயந்தி காபியோடு வந்தபோது, "உங்களோடது இருக்கட்டும் அக்கா" என்றார்.

தமயந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"அவதான் சுகந்தி."

சொல்வது சுலபமாக இருந்தது. தன்னோடு இருந்தவளிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்லாமலே நிறுத்திவிடலாம் என்று தமயந்தி சொன்னார். கனகராஜுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை எப்போதும்போல உட்கார்ந்து, சர்வர் மாற்றியதில் தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். உன்னைத்தான் நிறுத்தப் போகிறோம் என்பதையும் எழுதினார். அன்று அவர் குளிக்கப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பதில் வந்தது.

'எம்எக்ஸ் மாத்தாம வுட்டுட்டாங்களா? எல்லாரும் பண்ற தப்புத்தானுங்க. நானே எத்தன தரம் பண்ணியிருக்கேன். எனக்கு ஒண்ணும் கொறையில்ல. நீங்க என்கூடத்தானே இருந்தீங்க, தினமும் வந்தீங்க. அங்க இருக்கறவதான் பாவம். ரெண்டு வருசமா உங்களுக்கு என்ன ஆச்சோன்னு உக்காந்துட்டு இருக்கறா. போய் அவகிட்டப் பேசுங்க. லேட் பண்ணாதீங்க.'

அதற்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்று நினைத்தார். என்ன எழுதினாலும் அதற்கு அவள் ஒரு பதில் எழுதுவாள், அப்புறம் இதற்கு முடிவே இருக்காது என்று தோன்றியது. அஃப்ரினைக் கூப்பிட்டு, "மாத்திடுங்க அம்மணி" என்றார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். தெருவில் காய்கறி வண்டி வந்தது. தமயந்தி போய்க் கத்தரிக்காய் பொறுக்கி எடுத்தார்.

அடுத்த நாள் அஃப்ரின் கூப்பிட்டாள். "முடிஞ்சுது சார். பழசுல இருந்த அம்மாவப் புதுசுக்குக் கொண்டுவந்தாச்சு. எம்எக்ஸ் மாத்தியாச்சு. இனிமே உள்ள இருந்து எழுதினாலும் வெளிய இருந்து எழுதினாலும் ஒரே எடத்துக்குத்தான் போகும். எழுதிப் பாருங்க."

கனகராஜுக்கு முதன்முதலாகக் காந்திபுரம் மாடிப்படி ஏறியபோது இருந்ததுபோல இருந்தது. என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து அழித்தார். கடைசியில், 'சுகந்தி, நான்தான்' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

'இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?'

அவர் அவசர அவசரமாக எழுதினார். தான் தினமும் எழுதியது, சர்வர் மாற்றியது, எம்எக்ஸ் மாற்றாமல் விட்டது, மெயில் எல்லாம் வேறு பக்கம் போனது.

'ஏனுங்க, சர்வர் மாத்துனதுல மெயில் வரலன்னு இருபது வருசமா கஸ்டமருக்கெல்லாம் கதை சொல்லிட்டிருந்தவ நானு. அதையே என்கிட்ட வுடறீங்களா?'

கனகராஜ் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. சமையலறையிலிருந்து தமயந்தி எட்டிப் பார்த்தார்.

"நம்ப மாட்டேங்கறாக்கா. நீங்க ஒரு வார்த்த எழுதுங்க, நான் சொல்றது நெசம்னு."

"எனக்கென்ன வந்துச்சு? உங்க பாடு, உங்க பொண்டாட்டி பாடு. நீங்களே சமாளிங்க" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி உள்ளே போனார். உள்ளே போனவர் முந்தானையால் மூக்கைச் சிந்துவது கேட்டது.

கனகராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சமாதானம் செய்வது பிறகு ஆகட்டும், முதலில் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவோம் என்று விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். பின்பக்கத்து முருங்கை காற்றில் சாய்ந்தது, கூடப் படித்த நடேசன் போய்ச் சேர்ந்தது, தனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கண்ணைக் கட்டிப் படுத்திருந்த நாட்களில், கைப்பட்டையிடம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதவைத்ததும், அவள் பதில் போட்டதை வாசிக்கச் சொல்லிக் கேட்டதும் ஞாபகம் வந்தது. வலி இருக்கிறதா, சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று அவள் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பதில் உடனே வந்தது. கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

'ஆபரேசனா? எப்பங்க? எந்தக் கண்ணு?'

இவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் இனி இல்லை.

'இடது கண்ணு' என்று எழுதினார். 'பயப்படாத. இப்ப நல்லாத் தெரியுது.'